ஆயில் குடிக்காத வண்டி

போன வாரம் ஏரிக்கரைப் பூங்காவில் நடந்து முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நம்மில் ஒருத்தி, மதுரையிலிருந்து மகனோடு வந்து இங்கே ஃப்ளாட்டில் இருப்பவள், மகன் வாங்கிய காரைப் பற்றிப் பெருமை பேசினாள். "ஆயிலே குடிக்க மாட்டேங்குதாம். அளவு குறையவே இல்லையாம், கொஞ்சம் ஏறிக்கூட இருக்காம்" என்றாள். எல்லோரும் ஆகா என்றீர்கள். நான் எழுந்து போய்விட்டேன். முழங்கால் வலி என்று சிலர் நினைத்தீர்கள். பொறாமை என்று ஒருத்தி முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. பொறாமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆயில் குறையாத வண்டி என்று யாராவது பெருமைப்பட்டால் என்னால் அங்கே உட்கார முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் தாராளமாகக் கார் பேச்சைத் தொடரலாம்.

நீங்கள் எல்லாம் பருத்திப்பட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். நான் இங்கேயே பிறந்தவள். உங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் நிற்கிறதே, அந்த மூலை எங்கள் நெற்களம். அப்பா பயிர் வைப்பதை விட்ட பிறகு அதில்தான் லாரி நின்றது. ஆவடியில் அந்தக் காலத்தில் பட்டாளத்துப் பழைய வண்டிகளை ஏலம் விடுவார்கள். அதில் எடுத்த வண்டி. பச்சை பெயின்டுக்கு மேல் அப்பா மஞ்சள் அடித்தார். மழை பெய்தால் மஞ்சள் உரிந்து பச்சை எட்டிப் பார்க்கும்.

லாரி என்றாலே டீசல் என்று நினைப்பீர்கள். இது பெட்ரோல் லாரி. நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தூக்கக்கூடிய பானெட். உள்ளே ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் நிற்கும். இப்போதைய என்ஜினில் தலைமேல் இருக்கும் வால்வு எல்லாம் அதில் பக்கவாட்டில் இருக்கும். மேலே கனத்த ஒரு இரும்பு மூடி, அதில் ஆறு பிளக், அவ்வளவுதான். வேகம் கிடையாது. ஆனால் செங்கல் ஏற்றிக்கொண்டு திருமழிசை ஏரி மேட்டில் முனகாமல் ஏறும். உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் மட்டமான பெட்ரோலைக் கொடுத்தாலும் எரித்துக்கொள்ளும். கெட்டுப்போனாலும் ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம். இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல என்ஜின். அதன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

ஓட்டியது என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அம்மாவுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இந்தத் தம்பி ஒருவர்தான். பூந்தமல்லியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு விடியும்போதே சைக்கிளில் வந்துவிடுவார். வாய் நீளம். தலையில் எண்ணெய் தடவி நடுவகிடு எடுத்து, கண்ணாடியில் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார். "மாப்பிள்ள வந்துட்டாரு, பொண்ண ரெடி பண்ணுங்க" என்று அம்மா லாரியைக் காட்டிக் கிண்டல் செய்வாள்.

காலையில் அந்த லாரியை எழுப்புவது ஒரு சடங்கு. முன்னால் ஹாண்டில் சொருகிச் சுற்றவேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துப் பிடிக்கவேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது மணிக்கட்டு முறியும். பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயிண்டில் கரி பிடித்திருந்தால் மாமா உப்புத்தாளால் தேய்த்து, நாள்காட்டி அட்டையின் ஓரத்தைக் கிழித்து இடைவெளி பார்ப்பார். கார்பரேட்டரில் தூசி அடைத்தால், பெட்ரோல் பீய்ச்சும் சின்னத் துளையான ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதித் துப்புவார். அன்று முழுக்க அவருக்குக் காப்பியும் பெட்ரோலாகத்தான் மணக்கும். கத்திரி வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அதற்காகப் பம்பின்மேல் ஈரச் சாக்கு சுற்றுவார். சாக்கை நனைக்கும் வேலை என்னுடையது.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆயில் பார்ப்பது. என்ஜின் பக்கத்தில் ஒரு நீளக் கம்பி சொருகியிருக்கும். உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ஆயில் எந்தக் கோடுவரை நனைக்கிறது என்று தெரியும். கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் ஊற்றவேண்டும். ஒருநாள் விளையாட்டாக நான் பார்த்தபோது மேல் கோட்டில் நின்றது. அடுத்த நாளும் நின்றது. அவ்வளவுதான், என் கை ராசியான கை என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அதிலிருந்து தினமும் நான்தான் பார்க்கவேண்டும். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். "நைனா, மேல் கோடு" என்று கத்துவேன். அவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தெருவில் போகிறவரை நிறுத்திச் சொல்வார்: "பாத்தியா? ஆயில் குடிக்காத வண்டி. எங்க பாப்பா கை வெச்சா கொறையாது."

ஏன் குறையவில்லை தெரியுமா? அதற்குக் கொஞ்சம் முன்னால் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. அப்பா கிருஷ்ணாயில் ஊற்றி ஓட்ட ஆரம்பித்தார். மண்ணெண்ணெயை இங்கே கிருஷ்ணாயில் என்போம். அன்றைக்குப் பலர் திருட்டுத்தனமாகச் செய்த வேலைதான் இது. சீட்டுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு டாங்க், நடுவில் ஒரு திருகு. பெட்ரோலில் கிளப்பி, என்ஜின் சூடானதும் கிருஷ்ணாயிலுக்குத் திருப்பிவிடுவது. நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்புவது. சாதுவான என்ஜின், அதையும் எரித்தது. பின்னால் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு, கண் எரிகிற வாசனையோடு ஓடியது.

ரேஷனில் வாங்கும் எங்கள் கிருஷ்ணாயிலும் வண்டிக்கே போனது. அம்மாவின் திரி ஸ்டவ் பரணுக்குப் போய்விட்டது. சவுக்கு மிலாறுச் சுள்ளியை வைத்து ஊதி ஊதிச் சமைத்தாள். அவள் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். "வண்டிக்குப் போட்டது போவ மிச்சம் கீதா?" என்று கேட்பாள். "வண்டிதான் உனுக்குச் சோறு போடுது" என்பார் அப்பா.

மாமாவுக்குக் கிருஷ்ணாயில் பிடிக்கவில்லை. பிளக்கில் கரி பிடிக்கிறது, இழுவை குறைகிறது என்று புலம்புவார். ஆயிலை மாற்றச் சொல்லியும் கேட்டார். ஒருநாள் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே பேச்சு நடந்தது.

"மச்சான், ஆயில் கொழகொழன்னே இல்ல, தண்ணியாட்டம் கீது. இறக்கிட்டு வேற ஊத்திடலாம்."

"இன்னா பேசற நீ? ரொம்பி நிக்கிற எண்ணெய எவனாவது கொட்டுவானா?"

உண்மையைச் சொன்னால் மாமாவுக்கும் காரணம் தெரியாது. ஆயில் கெட்டுவிட்டது என்று விரல் சொன்னது, அவ்வளவுதான். கோபத்தோடு டீக்கடைக்குப் போனவர் அங்கே பத்துப் பேர் நடுவில் வாயை விட்டார்: "கிருஷ்ணாயில் போட்டு ஓட்டினுகீறாரு. இந்த வண்டி ஒருநாள் ஊத்திக்கும், பாத்துக்கினே இருங்க." ஊத்திக்கும் என்றால் எங்கள் பேச்சில் படுத்துவிடும், ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று அர்த்தம். அது சாயங்காலமே அப்பா காதுக்கு வந்துவிட்டது.

கோடை விடுமுறையின் கடைசி வாரம். கம்பியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மோந்து பார்த்தேன்.

"நைனா, கோட்டுக்கு மேல போயிடுச்சு. ஸ்டவ் வாசனை வருது."

"உங்கம்மா ஸ்டவ் தொடச்ச பழைய துணியில தொடச்சியா? அதான்" என்றார். பிறகு என் தலையைத் தடவிக்கொடுத்தார். பத்து வயதுப் பெண் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவருக்கு ராசி மட்டும்தான் காதில் விழுந்தது.

அன்றைக்குச் செங்கல் எடுக்கக் குத்தம்பாக்கம் சூளைக்குப் போனார்கள். கொரட்டூரில் ஒரு வீட்டு வேலைக்குக் கொண்டுபோகவேண்டும். லீவுதானே என்று நானும் மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். சுமையோடு திரும்பும்போது பூந்தமல்லி ரோட்டில் சத்தம் ஆரம்பித்தது. உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற சத்தம். மாமா காலைத் தளர்த்தினார்.

"மச்சான், கேக்குதா? மீட்டர்ல ஆயில் பிரஷர் முள்ளு படுத்துக்கினுகீது. ஓரங்கட்டிடறேன்."

"முள்ளு கெட்டுப்போயிருக்கும். காலைலதான பாப்பா பாத்துச்சு, ஆயில் மேல் கோட்டுக்கும் மேல கீது. நீ போ. அங்க கொத்தனாருங்க காத்துக்கினு இருப்பாங்க."

"நிக்கவெச்சிப் பாத்துடலாம் மச்சான்."

"வண்டி உன்னுதா, என்னுதா?"

மாமா ஓட்டினார். கரையான்சாவடி தாண்டுவதற்குள் சுத்தியல் பெரிதாகி, டமால் என்று ஒரு சத்தம். உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு ஒன்று முறிந்து, என்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டியது. ரோடு முழுக்கக் கறுப்பாய் வழிந்தது. மாமா முதலில் என்னைத்தான் தூக்கி இறக்கினார்.

வேறொரு லாரி கட்டி இழுத்து வந்து களத்தில் விட்டது. அம்பத்தூரிலிருந்து மெக்கானிக் மேஸ்திரி வந்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. மேஸ்திரி அடியில் படுத்து, வெளியே வழிந்தது போக மிச்சம் இருந்ததைத் தட்டில் பிடித்தார். ஆயில் கெட்டியாகச் சொட்டவேண்டும். இது குழாய்த் தண்ணீராக ஓடியது. விரலில் தேய்த்து மோந்து பார்த்துச் சொன்னார்: "ஆயில் பூரா கிருஷ்ணாயில் ஊத்திக்கினுகீதுபா."

இந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். மழை ஊத்துது என்கிறோம். மழையை யாரும் ஊற்றுவதில்லை, அதுவாக ஊற்றுகிறது. மேஸ்திரி சொன்னது அந்த ஊத்துவதை. எரியாத கிருஷ்ணாயில் தானாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்பாவின் காதில், யாரோ கையால் ஊற்றியிருக்கிறார்கள் என்று விழுந்தது. டீக்கடையில் மாமா சொன்ன ஊத்திக்கும் ஏற்கெனவே அந்தக் காதுக்குள் உட்கார்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

"யாரு ஊத்தினது?" என்று அப்பா கேட்டார். மாமாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

மேஸ்திரி அப்போது வாயைத் திறந்திருக்கலாம். மச்சான் மச்சான் சண்டை, நமக்கு எதுக்கு என்று ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நானா ஊத்தினேன்? இன்னா மச்சான் பேசறீங்க?" என்றார் மாமா.

"டீக்கடையில நீதான சொன்ன, ஊத்திக்கும்னு? சொன்னத செஞ்சி காட்டிட்ட. நீ ஊத்தலன்னா வா, பாப்பா தலைல அடிச்சி சத்தியம் பண்ணு."

என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள். அம்மா அடுக்களை வாசலில் புகையோடு நின்றிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா அடித்துச் சத்தியம் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. "அடி மாமா" என்றுகூடச் சொன்னேன்.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கோயிலுக்கு வாங்க, கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்றேன். என் தலைல அடிச்சிக்கிறேன். எங்க அக்கா புள்ள தலைமேல கை வெக்க மாட்டேன்."

"பயந்துகினுதான சொல்ற?"

"ஆமா, பயந்தான். நாளைக்கி அதுக்கு ஒரு ஜொரம் வந்தாகூட என் கையாலதான்னு சொல்லுவீங்க. ஒரு என்ஜினுக்காகப் பாப்பாவ பணயம் வெக்க முடியாது."

செய்தவன்தான் சத்தியத்துக்குப் பயப்படுவான் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். என்மேல் இருந்த பாசம் அவருக்குக் குற்றச்சாட்டாகத் திரும்பியது. இனி என் வாசலை மிதிக்காதே என்று அப்பா ஊர் கேட்கச் சொன்னார். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அம்மா நாலு அடி பின்னால் ஓடினாள், அப்பா அதட்டியதும் நின்றுவிட்டாள். நின்றதற்காகக் கடைசிவரை தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

என்ஜினை வெல்டிங் வைத்து, ரிங்கும் பேரிங்கும் மாற்றி மேஸ்திரி கட்டிக்கொடுத்தார். புது டிரைவர் வந்தார். அதிலிருந்து வண்டி பெட்ரோலில் மட்டுமே ஓடியது. இரண்டாவது டாங்கைக் கழற்றிக் களத்தில் போட்டார்கள். கோழி அதன் மறைவில் முட்டையிட்டது. ரேஷன் கிருஷ்ணாயில் அடுக்களைக்குத் திரும்பி வந்தது. அம்மா பரணிலிருந்து ஸ்டவ்வை இறக்கி, திரி மாற்றி, துடைத்து வைத்தாள். ஏன் திரும்பி வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. கண் எரியாமல் சமைத்ததில் இருந்த நிம்மதி அவளுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு நான் பெரியவளானேன். தாய்மாமன் வந்து சீர் வைக்காமல் அந்தச் சடங்கு இல்லை. மாமா வந்தார். தாம்பாளத்தில் பட்டுப்பாவாடை, பூ, வளையல், வெல்லம் எல்லாம் வைத்து, மேளக்காரர் ஒருவரோடு தெருமுனைவரை வந்தார். அப்பா போய் அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். மேளம் பாதியில் நின்றதை உள்ளே உலக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி கேட்டேன். அப்பா வழியில் தூரத்து உறவுக்காரர் ஒருவரை மாமன் என்று சொல்லி மாலை போடவைத்தார்கள். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனேன். விதியைப் பாருங்கள், பிஸ்டன் ரிங், அதாவது என்ஜினில் பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையம் செய்கிற கம்பெனி. ரிங்கில் கீறல் இருக்கிறதா, இடைவெளி சரியா என்று பார்க்கிற வேலை. சேர்ந்த புதிதில் எங்களை உட்காரவைத்து ரிங் எதற்கு என்று படம் போட்டு விளக்கினார்கள். ரிங் தேய்ந்தால் எரியாத பெட்ரோலோ டீசலோ சிலிண்டர் சுவரை ஒட்டிக் கீழே இறங்கும், ஆயிலோடு கலக்கும், ஆயில் அளவு ஏறும், ஆனால் நீர்த்துப்போகும், பேரிங் தேய்ந்து என்ஜின் போகும். அளவு ஏறினால் அது கெட்ட சேதி என்றார்கள். மதுரைக்காரியே, உன் மகனிடம் சொல். கம்பியை மோந்து பார்க்கச் சொல்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா ஊத்தல நைனா. யாருமே ஊத்தல. நீ போட்ட கிருஷ்ணாயில்தான் தானா எறங்கிகீது."

அப்பா தலையைத் தூக்கவில்லை. "தெரியும்" என்றார். "வண்டிய கட்டும்போதே மேஸ்திரி சொன்னான்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஊரைக் கூட்டி வெச்சி ஒண்ணு சொல்லிட்டேன். நானே போயி இல்லன்னு சொல்லச் சொல்றியா? எம்மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

அம்மா பூண்டைக் கீழே வைத்தாள். "அடுப்புக்குக் கிருஷ்ணாயில் திரும்பி வந்துச்சே," என்றாள். "அது அதனாலதானா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இவ சடங்குக்கு அந்த ஸ்டவ்வுலதான அதிரசம் சுட்டேன். அப்பவே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் எந்தம்பிய தெருமொனையில நிக்கவெச்சி அனுப்பினீங்க."

அப்பா எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் அம்மா ஸ்டவ்வைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். வீட்டுக்குக் கேஸ் வரும்வரை மிலாறிலேயே சமைத்தாள். கண் சிவக்கச் சிவக்க, அவர் எதிரிலேயே ஊதினாள்.

மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் பதில் சொல்லி அனுப்பினார்: "ஊரைக் கூட்ட வாணாம். என் வாசல்ல வந்து நின்னு, வா மச்சான்னு ஒரு வார்த்த கூப்புட்டா போதும்." அப்பா போகிறேன் போகிறேன் என்றார். வண்டி இரும்புக்குப் போனது, களம் விற்றுப்போனது, என் கல்யாணம் நடந்தது, அப்பா போகவில்லை. பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். தினமும் ஆட்டோவில் போய்க் காய் வாங்கி வருகிறீர்கள்.

அம்மா மட்டும் ஏதாவது சாக்கு சொல்லிப் பூந்தமல்லி போவாள். பஸ் ஸ்டாண்டில் அக்காவும் தம்பியும் நின்று பேசுவார்கள். மாமா ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தருவார். பஸ்ஸில் வரும்வரை தலையில் வைத்திருப்பாள். பூ ஏது என்று அப்பா கேட்பார் என்பதால், நம் ஸ்டாப்பில் இறங்கியதும் எடுத்து ஏரியில் போட்டுவிடுவாள். நாம் தினமும் நடக்கிறோமே, இதே ஏரிதான்.

அப்பா இறந்தபோது மாமாவுக்கு யாரும் தடை சொல்ல முடியவில்லை. புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்தாகவேண்டும். அத்தனை வருஷம் கழித்து மாமா எங்கள் வாசல் ஏறி வந்தார். கையில் தாம்பாளம், அதில் புடவை, வளையல், மல்லிகைப் பூ. தலை நரைத்து, நடுவகிடு மட்டும் அப்படியே இருந்தது. பத்தாம் நாள் காரியத்துக்கு முந்தின சாயங்காலம் அந்தப் பூவைத்தான் அம்மாவுக்கு வைத்தார்கள். தம்பி வாங்கிய பூவோடு எங்கள் வீட்டுக்குள் அம்மா உட்கார்ந்திருந்தது அந்த ஒரு ராத்திரிதான். விடிந்ததும் எடுத்துவிட்டார்கள்.